இரண்டாம் தொட்டி

முதல் தொட்டியின் அடி தெரிந்தது.

அவள் மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நொச்சி இலைச் சாறு ஊற்றி ஆறு நாள் ஆகிறது. நேற்று வரை பச்சைப் பசேலென்று பாசி மூடிக் கிடந்த தண்ணீர். இப்போது அடியில் கிடக்கும் மணல்கூடத் தெரிந்தது.

கீழே இருந்த கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் இரண்டாம் தொட்டியைப் பார்த்தாள்.

அதுவும் தெளிந்திருந்தது.

அதில் அவள் எதையும் ஊற்றவில்லை. சாறு படாத தண்ணீரில் பாசி அப்படியே இருக்க வேண்டும். இருந்தால்தான் முதல் தொட்டியைத் தெளிய வைத்தது சாறு என்று அடித்துச் சொல்ல முடியும். அதற்காகவே வைத்த தொட்டி.

குனிந்தாள். மூலையில், கரையாத நீலக் கட்டி ஒன்று.

மயில்துத்தம்.

திராட்சைக் கொடியில் நோய் விழாமலிருக்க அவன் சுண்ணாம்போடு கலந்து தெளிப்பது. பாசியைக் கொல்லும். கூடவே மீனையும் நத்தையையும் கொல்லும். அது வேண்டாம் என்றுதான் மூன்று வருஷமாய் இலை பறித்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் காபியோடு படியேறி வந்தான். தொட்டிகளை அப்போதுதான் பார்ப்பவன்போல வியந்தான். நடிக்கத் தெரியாத மனுஷன்.

அவள் கட்டியை எடுத்து நீட்டினாள்.

“போன மாசம் பாசி தெளியாதப்ப மாதிரி நீ அழுதுக்கிட்டே கெடப்பியேன்னுதான்…”

இரண்டிலும் போட்டிருக்கிறான். ஒன்றை மட்டும் விட்டுவைக்க மனசு வரவில்லை போலும். பாவி. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு மார்கழியில், திராட்சைத் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டி. அவள் முதன்முதலாகச் சாறு ஊற்றிப் பார்த்தது அதில்தான். நாலே நாளில் தெளிந்தது. கொடிப் பந்தலுக்கு அடியில் கத்திக்கொண்டே ஓடினாள். அந்தத் தொட்டியை நம்பித்தான் பள்ளிக்கூட வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தைரியமா விடு, நான் இருக்கேன் என்று சொன்னவன் அவன்தான்.



“தோட்டத்துத் தொட்டியிலயுமா?”

அவன் டம்ளரைச் சுவர்மேல் வைத்தான். அவள் பக்கமாக நகர்த்தினான்.

“ஆறிப்போயிரும், குடி” என்றான்.