இளஞ்சூடு

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. திருவண்ணாமலையில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில், நான்கு வயது இனியனின் மலப் பரிசோதனை முடிவு வந்திருந்தது.

"குடல்ல ஒட்டுண்ணி இருக்கு. இத்தனை நாளா பேதி நிக்காததுக்கு அதான் காரணம். சுத்தமில்லாத தண்ணியிலதான் வரும்" என்றார் டாக்டர்.

கோமதி கணவனை முறைத்தாள். "எல்லாம் இவராலதாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா கிரிவலப் பாதைக்குக் கூட்டினு போயி பானிபூரி வாங்கிக் குடுத்துடறாரு. இனிமே புள்ளைய வெளிய தூக்கிப் பாருங்க, இருக்கு உங்களுக்கு!"

வேலூரில் வேலை பார்க்கும் மாறனுக்கு மகனோடு கிடைப்பது அந்த ஒரு மாலைதான்.

"வீட்டுல என்ன தண்ணிம்மா குடுக்குறீங்க?"

"கொதிக்க வச்சதுதாங்க. ஒரு வேளை கூடத் தவறுனதில்ல."

"அவ்ளோ சூடாவா குடிக்கிறான்?"

"ஐயோ, நாக்கு பொத்துப் போயிடாதா? கொஞ்சம் குழாய்த் தண்ணி ஊத்தி விளாவி, இளஞ்சூடாத்தான்..."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. கண்கள் நிறைந்தன.

மாறன் அவசரமாகக் குறுக்கிட்டான். "பானிபூரியிலயும் வந்திருக்கும்ல, டாக்டர்?"

டாக்டர் அவனைப் பார்த்துச் சிரித்தார். "வரலாம். இனி ரெண்டுமே வேணாம்."

மருந்தில் பேதி நின்றது. அடுத்த ஞாயிறு, காய்ச்சித் தானாக ஆறிய தண்ணீரை பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, இனியனை அப்பாவோடு கோமதியே அனுப்பி வைத்தாள்.