வலது கதவு

"வேண்டாம் பிலிப்! இன்னொரு ஆளை நீ உண்டாக்காதே."

அமலி போட்ட சத்தத்தில் பிலிப்பின் கை மௌஸை விட்டுத் தானாக விலகியது.

சீனப் புத்தாண்டு வந்துவிட்டால் லத்தா பேட்டையில் இருக்கும் அவனுடைய கம்ப்யூட்டர் கடையில் நிற்க இடம் இருக்காது. வாசல் கதவில் ஒட்டும் காவல் வீரர் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது ஒரு காலம். கட்டைகள் கரையானுக்குப் போய்விட்டன. இப்போது ஆளாளுக்குப் பழைய தாளைத் தேடிக் கொண்டுவருகிறார்கள். பிலிப் ஸ்கேன் செய்து, கிழிசலைச் சரிசெய்து, வண்ணம் ஏற்றிப் புதுசாக எடுத்துத் தருகிறான். அமலி கொண்டுவந்திருந்தது இடது கதவுக்கான ஒரே ஒரு தாள்.

"ரெண்டு கதவுலயும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கணும்ல அக்கா? ரெண்டும் ஒரே முகம். உங்க இடது ஆளைத் திருப்பிப் போட்டா வலது ஆள் ரெடி!"

சொன்னதோடு நில்லாமல் திரையில் திருப்பியும் காட்டினான். அடியில் இருந்த பட்டறைப் பெயரும் கூடவே திரும்பி, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிந்தது. சீன எழுத்து பிலிப்புக்கு ஏது தெரியும்? மாமனாரின் பட்டறையில் மை தடவிய அமலிக்குத் தெரியும். ஆனால் அவள் அதற்காகத் தடுக்கவில்லை.

"வலது கட்டை எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குப்பா."

பிலிப் நிமிர்ந்து பார்த்தான்.

"எண்பத்தெட்டுல கப்பலேறும்போது எடுத்துட்டுப் போனாரு. 'இடது ஆள் நம்ம கதவுல நின்னா, நீ எனக்காகக் காத்திருக்கேன்னு அர்த்தம். இல்லேன்னா படியேறாமத் திரும்பிடுவேன்'னாரு. என் கட்டை வெடிச்சுப் போயி ரெண்டு வருஷமாக் கதவு மொட்டையா நிக்குது. அந்த நேரம் பாத்து வந்துட்டுப் போயிருந்தாருன்னா?"

பிலிப் திருப்பிய படத்தைத் திரையிலிருந்து அழித்தான். கரண்டு போவதற்குள் இடது ஆளை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

அன்று மாலையே தாகேதா பேட்டையில் இருக்கும் தன் வீட்டின் இடது கதவில் அதை ஒட்டினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் படுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பியவள் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். வலது கதவிலும் ஒரு வீரன்!

"பாவம் பாத்து பிலிப் ஒட்டிட்டுப் போயிருக்கான் பாரு! இவன்கிட்ட யாரு கேட்டா?"

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தாளின் அடி மூலையை நகத்தால் கிளப்பினாள். பசை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

சட்டென்று அவள் கை நின்றது.

மூலையில் இருந்த பட்டறைப் பெயர் திரும்பாமல் நேராக இருந்தது.