ராஜாவைவிட விசுவாசி

எதிரணி ரசிகர்களிடம் பேனரைப் பறிகொடுத்தால் சங்கத்தையே கலைத்துவிட வேண்டும் என்பது இத்தாலியின் லிவோர்னோ நகரக் கால்பந்து வெறியர்களான ‘அல்ட்ரா’க்களின் சட்டம். பேனர் காணாமல் போய் மூன்று நாளாகிவிட்டது. இன்று மாலை கலைப்புக் கூட்டம். தலைவன் கஸ்தோனே சாப்பாட்டு மேசையில் குமுறிக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவருக்கு அவன் மனைவி ஒர்னெல்லா காபி வைத்தாள்.

“எழுதிக்குங்க, நிருபர் சார்! பக்கத்து ஊர் பீசாக்காரன் அத்தனை பேரும் திருட்டுப் பசங்க. ரயில்ல இருபது பேர் பாஞ்சு பிடுங்கினானுங்க!”

“அல்ட்ரான்னா என்னங்க அர்த்தம்?” என்று கேட்டார் வந்தவர்.

“அணிக்காக உயிரை விடறவன்!”

“லத்தீன்ல ‘அப்பால்’னு அர்த்தம். பிரான்ஸ்ல, ராஜாவைவிட அதிகமா ராஜவிசுவாசம் காட்டினவங்களுக்கு விழுந்த பட்டப்பேர்.”

“வச்சவன் பீசாக்காரனா இருப்பான்!”

வந்தவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து பேனரை எடுத்து மேசையில் வைத்தார். துவைத்து, இஸ்திரி போட்டிருந்தது.

“ரயில்ல என் எதிர் சீட்டுல தூங்கிட்டு வந்தீங்க. இறங்கறப்ப மறந்துட்டீங்க. உறையில முகவரி இருந்துச்சு. நான் நிருபர் இல்லீங்க, பீசாக்காரன்.”

கஸ்தோனே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான்.

“ஐயா, சும்மா வாங்கிக்கிட்டேன்னா என் மானம் போயிடும். சண்டை போட்டு மீட்டேன்னு சொல்லிக்கறேன். மூக்குல ஒரே ஒரு குத்து விட்டுட்டுப் போங்க!”

வந்தவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீங்க காபியைக் குடிங்கண்ணே,” என்று தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள் ஒர்னெல்லா. “அதை நான் பாத்துக்கறேன்.”