ஒற்றைச் சத்தம்

“ஒத்தச் சத்தம் வரலியோ? இப்ப வரும்லே!”

வெள்ளத்துரை விட்ட குத்தில் சந்தனத்தின் உதடு கிழிந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் போன மாதம் அவன் வாங்கிய மவுத் ஆர்கன் புழுதியில் விழுந்தது.

போட்டிருந்த திட்டம் இதுதான். வீரசோழன் ஊர் பஸ்ஸிலிருந்து இன்பராஜ் தனியாக இறங்கினால், சந்தனம் ஒரே ஓட்டையைத் தெளிவாக ஊத வேண்டும். கூட ஆள் இருந்தால் இரண்டு ஓட்டையைச் சேர்த்து ஊத வேண்டும். கருவேலம் புதருக்குள் அரிவாளோடு காத்திருந்தவர்களுக்கு இரண்டு சத்தம் கேட்டது. கலைந்துவிட்டார்கள். இன்பராஜ் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தான்.

“கண்டக்டரைக் கேட்டுட்டேன்லே! அவனுக்கு ஒத்த டிக்கெட்டுதான் கிழிச்சாராம்!”

“வாயைக் குவிச்சுத்தாண்ணே ஊதுனேன். பக்கத்து ஓட்டையிலயும் காத்து போயிருச்சு.”

“எங்க அண்ணனை வெட்டுனவன் உசுரோட போறான். நீ காத்துக் கதை சொல்றியா?”

அரிவாள் பிடியால் வாயிலேயே இடித்தான். பல் ஒன்று தெறித்து விழுந்தது.

வீட்டில் வெள்ளைத்தாய் புருஷனின் ரத்தத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

“காலையில எங்கிட்ட ஒத்தச் சத்தமா கணீர்னு ஊதிக் காட்டுனீகளே. அங்க மட்டும் எப்படிப் பிசகுச்சு?”

“பிசகலை.” சந்தனம் ரத்தத்தைத் துப்பினான். “அவன் தோள்ல பிள்ளை தூங்கிக்கிட்டு இருந்துச்சு. கைப்பிள்ளைக்கு டிக்கெட்டு கிடையாது. ஆனா அதுவும் ஒரு ஆளுதானே?”