ஹாஷிம் முதலாளியின் ஸஹர்

"ஸஹருக்கு என்ன சாப்பிட்டீங்க முதலாளி?"

சத்திரசிகிச்சை மேசையில் படுத்திருந்த ஹாஷிம் முதலாளி பக்கத்துத் தட்டிலிருந்த மயக்க மருந்து மூக்குமூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி தலைமாட்டில் நின்ற ஹபீல், நோன்புக்காக விடியுமுன் உண்ணும் அந்தச் சாப்பாட்டைப் பற்றி மறுபடியும் கேட்டான். கண்டியின் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் இளம் டொக்டர் அவன்.

"இடியப்பம்" என்றார் முதலாளி. சற்று யோசித்து, "ஆட்டிறைச்சிக் கறி. ரெண்டு வாழப்பழம்" என்று சேர்த்துக்கொண்டார்.

பெரிய டொக்டர் ராஜலிங்கம் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். "வெறும் வயித்தோட வரச் சொன்னனான் அல்லோ?"

"நோன்பு மாதிரி இருக்கச் சென்னீங்க. ஸஹர் சாப்பிடாம என்ன நோன்பு டொக்டர்? விடியச் சுபஹு பாங்குக்குப் பொறகு ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல."

அப்படிச் சொன்னது உண்மைதான். ரமழான் மாதமாயிற்றே, முதலாளிக்குச் சட்டென்று விளங்கட்டும் என்று நோன்பை உதாரணத்துக்கு இழுத்தவர் ராஜலிங்கமே. அந்தக் கூச்சத்தாலோ, மத்தியான ரயிலில் கொழும்புக்குப் போகும் அவசரத்தாலோ, விடியுமுன் சாப்பிட்டது இதற்குள் செரித்திருக்கும் என்று சமாதானம் கூறி, குளோரோஃபோமைப் போடும்படி ஹபீலிடம் சொன்னார்.

ஹபீல் புட்டியைத் திறக்கவில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு இருமல் வராது, வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் அவரை எழுப்ப முடியாமலே போகலாம் என்று தாழ்ந்த குரலில் விளக்கினான்.

"நான் போட மாட்டேன் ஐயா" என்று முடித்தான்.

அந்தச் சொல்லின் விலை அவனுக்குத் தெரியும். முதலாளியின் மகள் றமீலாவை அவனுக்குப் பேசி இரண்டு மாதமாகியிருந்தது. இந்த ஆபரேஷனில் பையனின் கைத்திறனைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று முதலாளி இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் கதவிடுக்கு வழியாக ஒரே ஒருமுறை கேட்ட றமீலாவின் சிரிப்பை நம்பி ஹபீல் காத்திருந்தான்.

முதலாளி எழுந்து உட்கார்ந்து சத்தம் போட்டார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கார் பிடித்து வந்தவனைத் திருப்பி அனுப்புவதா, இன்றைக்கே வெட்டுங்கள் என்றார். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பார்ப்போம் என்று ராஜலிங்கம் கையுறையைக் கழற்றியதும் முதலாளியின் குரல் இன்னும் உயர்ந்தது.

"என்னையே திருப்பி அனுப்புற பொடியனுக்கா என்ட மகள்?"

வாசலில் காத்திருந்த மனைவி ஆஸியா உம்மாவையும் இழுத்துக்கொண்டு அவர் காரில் ஏறிவிட்டார். அன்று நோன்பு திறக்க வைத்த கஞ்சி ஹபீலின் முன்னால் ஆறிப்போனது.

மூன்றாம் நாள், நோன்பு திறக்க வரும்படி முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. முகத்துக்கு நேரே மறுப்பதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணிக்கொண்டே ஹபீல் போனான்.

நோன்பு திறந்து, மாலை மஃரிப் தொழுகை முடிந்த பின் முதலாளி அவனை விறாந்தையின் கோடிக்கு அழைத்துப் போனார். ஆஸியா உம்மா பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கு நான் ஒண்ணுமே சாப்பிடல்ல மகன். முந்தின நாள் ராவிலேந்து வெறும் வயிறு."

முதலாளி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூக்குமூடியக் கண்டதும் எழும்பி ஓடணும் போல ஈந்திச்சி. பயமெண்டு செல்ல வெக்கம். அந்த நேரம் பாத்து நீங்க ஸஹரக் கேட்டீங்க. அல்லாஹ் காட்டின வழியெண்டு இடியப்பத்தப் புடிச்சிக்கிட்டேன். பொய்ய நம்பினாலும் என்ட உசிருக்காகப் பெரிய டொக்டரயே எதுத்தீங்களே. றமீலா ஒங்களுக்குத்தான். இதச் செல்லாம அவளத் தர மனசு வரல்ல."

உள்ளேயிருந்து, அந்தக் கல்யாண வீட்டில் கேட்ட அதே சிரிப்பு கேட்டது. ஹபீலும் சிரித்துவிட்டான்.

"நம்பல்ல மாமா. ஒங்கட நாடி நூத்தி நாப்பதுல ஓடிச்சி. அவ்வளவு பயத்தோட குளோரோஃபோம் ஏறினா கல்புத் துடிப்பே நிண்டு போகும். பயந்துட்டாரெண்டு அத்தன பேருக்கு முன்னால எப்பிடிச் செல்ற? அதுதான், ஒங்களுக்கு ஒரு ஸஹர் சாப்பாட்ட நானே குடுத்தேன்."