பிரிக்காத சீட்டுக்கட்டு

நான் ஒரு டாரட் சீட்டுக்கட்டு. எதிர்காலம் சொல்வது என் தொழில். இதுவரை யாருக்கும் எதையும் சொன்னதில்லை, அது வேறு விஷயம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் அரண்மனைக்காக வரைந்த கட்டின் அச்சு நகல் நான். அசலில் பூச்சி அரித்த ஓட்டையைக்கூட என்மேல் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். இந்தக் கண்ணாடி அலமாரி முழுக்க என்னைப் போன்ற நகல்கள்தான். ஒன்றுக்கும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

“நிஜப் பூச்சியா இருந்தாலாவது எனக்கு ஒரு வாய்க்கு ஆகியிருக்கும்” என்றது அலமாரிக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி. அதற்குக் கலை எங்கே புரியப்போகிறது!

எங்களை வாங்கிச் சேர்க்கும் வினோதினிக்கு ஒரு நாள் புனேயிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. போவதா வேண்டாமா என்று தவித்தவள், நேராக வந்து என்னைக் கையில் எடுத்தாள். உறையில் நகத்தை வைத்தாள். எனக்குள் ராஜா ராணியெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“ஐயோ, பிரிச்சா மதிப்பு போயிடுமே!” என்று திரும்ப வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பல்லி கத்தியது. வினோதினி சட்டென்று அலமாரிக் கதவில் விரலால் தட்டினாள். “பல்லியே சொல்லிடுச்சு!” என்று போனை எடுத்தாள். “சார், நான் வந்து சேர்ந்துக்கறேன்.”

“அப்படி என்னத்தைப் பார்த்துச் சொன்னே?” என்று பல்லியிடம் எரிந்து விழுந்தேன்.

“தொண்டையில கொசு றெக்கை மாட்டிக்கிச்சு.”

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு, மற்ற கட்டுகளுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டேன்: “என் உறையை எப்போ பிரிப்பா? சும்மா ஒரு வார்த்தை சொல்லேன்.”

பல்லி அடுத்த கொசுவைப் பிடிக்கப் போய்விட்டது.