பிஷப் வந்த ஞாயிற்றுக்கிழமை

அபிகாயிலின் மகள் ஸ்வீட்டிக்கு நடை வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சித்தூர்த் தமிழ்ச் சபையில் அவள் போய்ப் பிடிக்காத முழங்கால் இல்லை.

ஆராதனையில் முதல் பாட்டு முடிவதற்குள் அம்மாவின் மடியிலிருந்து வழுக்கி இறங்கிவிடுவாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் தத்தித் தத்தி ஓட்டம். தொப்பென்று விழுவாள். யாராவது தூக்க வருவதற்குள், பின்பக்கத்தை முதலில் உயர்த்தி எழுந்துகொள்வாள். ஒரு பெஞ்சில் கைக்குட்டையை இழுப்பாள். அடுத்த பெஞ்சில் மூக்குக்கண்ணாடிக்குத் தாவுவாள். ஒருநாள் பிரசங்கத்தின் நடுவே போதகரின் வெள்ளை அங்கிக்குள் புகுந்து தலையை மட்டும் நீட்டினாள்.

அபிகாயில் குனிந்தபடியே பின்னால் ஓடுவாள். கணவன் ஜோனத்தானுக்குச் சத்தியவேட்டுப் பக்கம் ஃபேக்டரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். வாரம் முழுக்க ஒற்றை அறையில் குழந்தையோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, வளர்ந்த மனுஷர்களோடு நாலு வார்த்தை பேசக் கிடைப்பது கோயிலில்தான்.

அதிலும் மண் விழுந்தது.

ஒருநாள் ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஏசுரத்தினம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். காணிக்கைப் பையில் பாதி தின்ற பிஸ்கட் கிடந்ததாம். கமிட்டி கூடிப் பேசியதாம்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பாப்பா ஓடிக்கினே இருந்தா ஜனங்களுக்குப் பிரசங்கத்துல கவனம் நிக்க மாட்டேங்குது. வெளிய வராண்டாவுல ஒரு பெஞ்சு போட்டிருக்கோம். ஸ்பீக்கர்ல எல்லாம் நல்லாக் கேக்கும்."

"நான் மடியிலயே புடிச்சி வெச்சிக்கறேன் அங்கிள்."

"போன வாரமும் அதைத்தாம்மா சொன்னே."

சொல்லியிருந்தாள்தான்.

அடுத்த ஞாயிறிலிருந்து வராண்டா. உள்ளே பாட்டு. வெளியே அவளும் ஸ்வீட்டியும் ஊர்ப்பட்ட செருப்புகளும். ஸ்வீட்டி ஜோடிகளைப் பிரித்து வைத்தாள். அபிகாயில் திரும்பச் சேர்த்து வைத்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். உள்ளே அப்படி ஓர் அமைதி. முன்வரிசையில் ஏசுரத்தினத்தின் தலை மெல்லச் சாய்ந்து பக்கத்துக்காரர் தோளில் இறங்கிவிட்டது. பெண்கள் பக்கம் ஒரு கொட்டாவி புறப்பட்டு, பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் யாரோ விட்ட குறட்டை ஸ்பீக்கரோடு போட்டி போட்டது.

பிரசங்கத்தில் கவனம் நிற்பது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதோடு போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. இனிமேல் வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்று போனில் ஜோனத்தானிடம் சொன்னாள். அவனும் சரி என்றான். ஆனால் அவள் ஞானஸ்நானம் எடுத்ததும் கல்யாணம் கட்டிக்கொண்டதும் அதே கோயிலில்தான். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏசுரத்தினமே வீடு தேடி வந்தார். கையில் பெரிய பிஸ்கட் பாக்கெட்.

"தோத்திரம்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்வீட்டி அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வராண்டாவில் உட்கார வைத்தது தப்பு என்றார். குழந்தை இல்லாத கோயில் என்ன கோயில் என்றார். நாளைக்குப் பிஷப் வருகிறார், நீ உள்ளேதான் உட்கார வேண்டும் என்றார்.

"பாப்பாவைப் புடிச்சி வெக்காதம்மா. வுட்டுடு. அது இஷ்டத்துக்கு நடக்கட்டும்."

அபிகாயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரையா இத்தனை நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கப்பட்டாள். அவர் போனதும் ஸ்வீட்டியின் கவுனை எடுத்து இஸ்திரி போட்டாள்.

மறுநாள் பிஷப் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொன்னார். போதகர் அதையே தமிழில் சொன்னார். கோயிலில் எல்லாருக்கும் தெலுங்கு தெரியும். இருந்தாலும் பிரசங்கம் முழுக்க இரண்டு தடவை நடந்தது.

ஸ்வீட்டி விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். அவள் இந்தப் பக்கம் போனால் எல்லாத் தலையும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். கடைசியில் மேடையேறிப் பிஷப்பின் கோலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிஷப் சிரித்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார்.

இத்தனை மலர்ந்த முகங்களோடு வசனம் கேட்கிற ஜனங்களை நான் எந்தச் சபையிலும் பார்த்ததில்லை என்று தெலுங்கில் சொன்னார். போதகர் அதைத் தமிழில் இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

பிஷப்பின் கார் கிளம்பியதும் அபிகாயில் ஏசுரத்தினத்திடம் போய்க் கைகூப்பினாள்.

"ரொம்ப நன்றி அங்கிள். எங்களைத் திரும்ப உள்ள கூப்பிட்டீங்க."

"நாங்கதாம்மா உனக்குச் சொல்லணும். போன தபா பிஷப் வந்தப்போ பாதி சபை தூங்கிட்டுது. மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு போயிட்டாரு. இன்னிக்குப் பாப்பா புண்ணியத்துல ஒருத்தர் கண்ணு மூடலை."

ஸ்வீட்டியின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

"அடுத்த வாரம் நம்ம பாஸ்டர்தான் பேசறாரு. நீ பழையபடி வராண்டாவுலயே உக்காந்துக்கோம்மா."